நடுவர் தீர்ப்பு எனக்கு எதிராக வந்துவிட்டது: வீட்டுக் கட்டுமான ஒப்பந்தம், மேல்முறையீட்டுக்கு வழி உண்டா?

மாடக்குளத்தான் | 16 ஜூலை 2025, இரவு 9:40

அனைவருக்கும் வணக்கம். இரண்டு ஆண்டுகளாக இங்கே படிப்பதோடு சரி. எழுதுவது இதுவே முதல் முறை. எழுத வைத்தது பதினான்கு பக்கத் தாள் ஒன்று.

பணி ஓய்வுத் தொகையை வைத்து மதுரையில் 1,850 சதுர அடியில் வீடு கட்ட 2022-இல் ஒரு கான்டிராக்டருடன் ஒப்பந்தம் போட்டேன். சதுர அடிக்கு 2,150 ரூபாய், மொத்தம் 39,77,500. பூச்சு வேலை நடக்கும்போதே 31,50,000 கொடுத்துவிட்டேன். அதன்பிறகு கூடுதல் வேலை செய்திருக்கிறேன், அதற்குப் பணம் கொடுத்தால்தான் மேற்கொண்டு வேலை என்று ஆட்களை நிறுத்திக்கொண்டார். மீதியை வேறு மேஸ்திரியை வைத்து முடித்துக் குடிவந்தோம். முதல் ஐப்பசி மழையிலேயே மேற்குப் படுக்கையறைக் கூரையில் கசிவு.

ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில் "தகராறு எழுந்தால் ஒப்பந்ததாரர் நியமிக்கும் நடுவரின் முடிவே இறுதியானது" என்று ஒரு வரி. கையெழுத்துப் போடும் நாளில் அதை யார் படித்தார்கள்? அவர் ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவரை நியமித்தார். ஒன்பது அமர்வுகள் நடந்தன. வக்கீல் வைக்காமல் நானே வாதாடினேன். கசிவுக்கும் அரைகுறை வேலைக்கும் சேர்த்து 5,20,000 கேட்டு எதிர்க்கோரிக்கை போட்டேன். தீர்ப்பில் நான்தான் அவருக்கு 6,95,000 ரூபாயை 12 சதவீத வட்டியுடன் கொடுக்க வேண்டுமாம். என் எதிர்க்கோரிக்கைக்கு ஒரே வரி: "நிரூபிக்கப்படவில்லை, தள்ளுபடி."

ஆதாரம் கலைந்துவிடக் கூடாது என்று இரண்டு மழைக்காலமாக அந்தக் கூரையை நான் தொடவில்லை. கீழே அண்டா வைத்திருக்கிறோம். நீதிபதி ஒருவர் ஐந்து நிமிடம் அந்த அறையில் நின்றால் போதும், எல்லாம் விளங்கிவிடும். மேல்முறையீடு எந்த நீதிமன்றத்தில் செய்வது? எவ்வளவு நாள் இருக்கிறது?

கொத்தனார் மகன் | 16 ஜூலை, இரவு 10:15

நான் மறுபக்கத்து ஆள். திண்டுக்கல்லில் வீடு கட்டிக்கொடுக்கிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். முடிவு இறுதியானது என்று கையெழுத்துப் போட்டுவிட்டு, முடிவு பிடிக்கவில்லை என்றதும் நீதிமன்றம் தேடுவது என்ன நியாயம்? 31 லட்சம் கொடுத்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அன்றைக்கு எவ்வளவு வேலை முடிந்திருந்தது என்று எழுதவில்லை. கூடுதல் வேலை உண்டா இல்லையா என்றும் எழுதவில்லை. லாஃப்டை நீட்டு, போர்டிகோவை இரண்டடி முன்னே கொண்டுவா, தண்ணீர்த் தொட்டியைப் பெரிதாக்கு என்பதெல்லாம் வீட்டுக்கார அம்மா மாலையில் தேநீர் கொண்டுவரும்போது சொல்வது. தாளில் ஏறாது. பில்லில் ஏறியதும் சண்டை.

உறையூர் வழக்குரைஞர் | 17 ஜூலை, காலை 6:50

முதலில் ஒரு சொல்லைத் திருத்திவிடுகிறேன், ஐயா. நீங்கள் செய்யப்போவது மேல்முறையீடு அல்ல. 1996-ஆம் ஆண்டு நடுவர் மற்றும் சமரசச் சட்டத்தின் 34-ஆம் பிரிவின்படி, தீர்ப்பை ரத்து செய்யக் கோரும் மனு. பெயரில் என்ன இருக்கிறது என்று தோன்றும். இங்கே எல்லாமே பெயரில்தான் இருக்கிறது. மேல்முறையீடு கேட்கும் நீதிபதி சாட்சியத்தை மறுபடி எடைபோடுவார். 34-இல் உட்காரும் நீதிபதிக்கு அந்த வேலை கிடையாது. தீர்ப்பின் முகத்திலேயே தெரியும் சட்டப் பிழைக்காக ரத்து செய்யலாம் என்று 2015 திருத்தம் சேர்த்த அதே இடத்தில், சட்டத்தைத் தவறாகப் பொருத்தினார் என்பதற்காக மட்டும் ரத்து செய்யாதே, சாட்சியத்தை மறுபடி அலசாதே என்றும் எழுதியிருக்கிறார்கள். 2019-இல் இன்னொரு திருத்தம்: மனுதாரர் தம் காரணங்களை நடுவர் முன் இருந்த ஆவணங்களைக் கொண்டே நிறுவ வேண்டும். உங்கள் கூரையைப் பார்க்க யாரும் வரமாட்டார்கள்.

நான் கேட்பதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள். கையொப்பமிட்ட தீர்ப்பு நகல் உங்கள் கைக்கு வந்த தேதி எது? தீர்ப்பில் எழுதியிருக்கும் தேதி வேண்டாம், கைக்கு வந்த தேதி. 6,95,000 எந்தெந்த இனங்களில் சேர்ந்தது? நடுவரை அவர் மட்டும் தனியாக நியமித்தாரா? தகராறு வந்த பிறகு அதற்குச் சம்மதித்து நீங்கள் ஏதாவது எழுதிக்கொடுத்தீர்களா?

பழைய சிரஸ்தார் | 17 ஜூலை, காலை 8:05

வழக்குரைஞர் அம்மா சொல்வதற்கு ஒரு பின்கதை. நான் நீதிமன்றத்தில் வேலைக்குச் சேர்ந்தபோது 1940-ஆம் ஆண்டுச் சட்டம் நடைமுறையில் இருந்தது. அதில் நடுவர் தீர்ப்பை நீதிமன்றமே திருத்தலாம், நடுவருக்கே திருப்பி அனுப்பலாம். நடுவர் தீர்ப்பை நீதிமன்றத்தில் தாக்கல் செய்து டிகிரியாக்க (நீதிமன்றத்தின் தீர்ப்பாணையாக மாற்ற) வேண்டும். அந்த இழுபறி தாங்காமல்தான் 1996 சட்டம் வந்தது. ஆகையால் பெரியவர்கள் யாராவது உங்களிடம் "கோர்ட்டில் குறைத்துக் கொடுப்பார்கள்" என்று ஆறுதல் சொன்னால், அது அந்தக் காலத்துப் பேச்சு.

மாடக்குளத்தான் | 17 ஜூலை, இரவு 8:30

அம்மா, உங்கள் கேள்விகளுக்கு வரிசையாகச் சொல்கிறேன். தீர்ப்பில் தேதி ஜூன் 12. மறுநாள் நடுவரின் உதவியாளர் வாட்ஸ்அப்பில் ஸ்கேன் அனுப்பினார். மையில் கையெழுத்திட்ட நகல் பதிவுத் தபாலில் ஜூன் 23 திங்கட்கிழமை வந்தது. கவரைப் பத்திரமாக வைத்திருக்கிறேன், தபால் முத்திரை தெளிவாக இருக்கிறது.

இனங்கள்: முடித்த வேலைக்கு நிலுவை 3,12,000. சுற்றுச்சுவர் 1,46,000. கூடுதல் வேலை 2,01,000.

நடுவரை அவர்தான் நியமித்தார். கடிதம் வந்தது, போனேன். நான் எதுவும் எழுதிக்கொடுத்ததாக நினைவில்லை.

கொத்தனார் தம்பிக்கு: லாஃப்டும் தொட்டியும் நாங்கள் கேட்டதுதான். மறுக்கவில்லை. விலை மட்டும் பேசவில்லை. தேநீர் கொடுத்ததும் உண்மை.

ரசமட்டம் | 17 ஜூலை, இரவு 9:12

நான் சிவில் எஞ்சினியர், சட்டம் தெரியாது. கூட்டல் தெரியும். 3,12,000, 1,46,000, 2,01,000. மூன்றையும் கூட்டினால் 6,59,000 வருகிறது. 6,95,000 எங்கிருந்து வந்தது? ஐந்தும் ஒன்பதும் இடம் மாறி உட்கார்ந்திருக்கின்றன.

மாடக்குளத்தான் | 17 ஜூலை, இரவு 9:31

ஐயோ. ஒரு மாதமாக இந்தத் தாளைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். முப்பத்தோராண்டு கணக்குப் பிரிவில் வேலை பார்த்தவன் நான். வெளியே சொல்லாதீர்கள்.

உறையூர் வழக்குரைஞர் | 18 ஜூலை, காலை 7:10

ரசமட்டம் தம்பிக்கு நன்றி. 36,000 ரூபாயை ஒரே வரியில் மீட்டுவிட்டீர்கள். இதற்கு நீதிமன்றமே வேண்டாம். 33-ஆம் பிரிவின்படி, தீர்ப்பு கைக்கு வந்த 30 நாளுக்குள் கணக்குப் பிழை, எழுத்துப் பிழைகளைத் திருத்தச் சொல்லி நடுவரிடமே மனுக் கொடுக்கலாம். நகல் எதிர்த்தரப்புக்கும் போக வேண்டும். ஜூன் 23-இலிருந்து கணக்கிட்டால் ஜூலை 23 வரை நேரம் இருக்கிறது. இன்று 18. வாட்ஸ்அப்பில் வந்த 13-ஆம் தேதியிலிருந்து எண்ணினால் நாள் போயே போய்விட்டது. அதனால்தான் தேதியை முதலில் கேட்டேன். கையொப்பமிட்ட நகலை ஒவ்வொரு தரப்புக்கும் கொடுக்க வேண்டும் என்பது 31(5). அந்த நகல் தரப்பினர் கைக்கு வந்த நாளிலிருந்துதான் கெடு ஓடும் என்று உச்சநீதிமன்றம் 2005-இல் டெக்கோ டிரிச்சி வழக்கிலும் 2011-இல் ஆர்க் பில்டர்ஸ் வழக்கிலும் சொல்லியிருக்கிறது. அந்தக் கவர் உங்கள் வீட்டுப் பத்திரத்துக்குச் சமம்.

34-க்கான கெடு மூன்று மாதம். 90 நாள் அல்ல, மூன்று மாதம். ஹிமாச்சல் டெக்னோ வழக்கில் 2010-இலேயே இதைத் தீர்த்துவிட்டார்கள். உங்களுக்குச் செப்டம்பர் 23. தகுந்த காரணம் காட்டினால் மேலும் 30 நாள். அதற்கு மேல் ஒரு நாள்கூட இல்லை. மற்ற வழக்குகளில் தாமதத்தை மன்னிக்க உதவும் காலவரையறைச் சட்டத்தின் 5-ஆம் பிரிவு இங்கே நுழையாது என்று 2001-லிருந்து நிலை. வக்கீலுக்கு உடம்பு சரியில்லை, மகளுக்குக் கல்யாணம் என்று அந்த 30 நாளும் போன மறுநாள் வந்த கட்சிக்காரர்களை நான் பார்த்திருக்கிறேன். கட்டைப் பிரிக்காமலே திருப்பி அனுப்பிவிட்டேன். வேறு என்ன செய்ய?

33-இல் மனுக் கொடுத்தால், அது முடிவான நாளிலிருந்துதான் மூன்று மாதம் ஓடத் தொடங்கும் என்றும் சட்டம் சொல்கிறது. ஆனால் அதை நம்பி உட்கார வேண்டாம். கூட்டல் பிழையை மட்டும் அரைப் பக்கத்தில் எழுதுங்கள். "என் எதிர்க்கோரிக்கையை மறுபடி பாருங்கள்" என்று அதற்குள் நுழைத்தால், இது திருத்த மனுவே அல்ல, கெடுவும் நீளவில்லை என்று எதிர்த்தரப்பு வாதாடும்.

கூடற்பறவை | 18 ஜூலை, பகல் 1:20

நுகர்வோர் ஆணையத்துக்குப் போயிருக்கலாமே? வீடு கட்டிக்கொடுப்பதும் சேவைதானே? ஒப்பந்தத்தில் நடுவர் வரி இருந்தாலும் நுகர்வோர் புகாரைத் தடுக்க முடியாது என்று எம்மார் எம்ஜிஎஃப் வழக்கில் உச்சநீதிமன்றம் 2018-இல் சொன்னதாகப் படித்திருக்கிறேன்.

உறையூர் வழக்குரைஞர் | 18 ஜூலை, மாலை 6:45

போயிருக்கலாம். போயிருக்க வேண்டும். நடுவரின் கடிதம் வந்த அன்றே. ஒன்பது அமர்வு உட்கார்ந்து, எதிர்க்கோரிக்கையும் போட்டு, தீர்ப்பும் வாங்கிய பிறகு அந்தக் கதவைத் தட்டினால் திறப்பது கடினம். நுகர்வோர் புகாருக்கு இரண்டு ஆண்டுக் கெடு வேறு இருக்கிறது. இதே கட்டத்தில் நிற்கும் மற்றவர்கள் யாராவது படித்தால் அவர்களுக்குப் பயன்படட்டும்.

இப்போது இந்த ஐயாவிடம் இருக்கும் கனமான ஆயுதம் நடுவர் நியமனம். தகராறின் முடிவில் ஆதாயம் உள்ள ஒருவர் தானே தனியாக நடுவரை நியமிக்க முடியாது என்பது 2019 பெர்கின்ஸ் தீர்ப்பு. கான்டிராக்டர் தம் விருப்பப்படி நியமித்த நடுவர், 12(5)-ஆம் பிரிவின்படி அந்த நாற்காலியில் உட்காரவே தகுதியற்றவர் என்று வாதிடலாம். "ஒன்பது அமர்வுக்கும் வந்தாரே, அப்போது ஏன் பேசவில்லை?" என்பார்கள். சும்மா வந்து உட்கார்ந்ததால் உரிமை போய்விடாது; தகராறு எழுந்த பிறகு, வெளிப்படையாக, எழுத்தில் விட்டுக்கொடுத்திருக்க வேண்டும். இதுவும் 2019-இல், பாரத் பிராட்பேண்ட் வழக்கில் சொன்னது. இது நின்றால் தீர்ப்பு முழுவதுமே போகும். அமர்வுக் குறிப்புகள் எல்லாவற்றையும் ஒருமுறை படித்துவிட்டு எழுதுங்கள், ஐயா. முதல் அமர்வுக் குறிப்பை இரண்டு முறை.

கொத்தனார் மகன் | 18 ஜூலை, இரவு 10:02

அப்படியென்றால் நாங்கள் போடும் அச்சடித்த ஒப்பந்தம் எல்லாம் வீணா? ஸ்டேஷனரிக் கடையில் வாங்கிய படிவத்தில் அந்த வரி தானாகவே இருக்கிறது, அம்மா. நாங்களும் படித்ததில்லை.

உறையூர் வழக்குரைஞர் | 18 ஜூலை, இரவு 10:20

ஒப்பந்தம் வீணாகாது, தம்பி. நியமிக்கும் முறைதான் விழும். இரு தரப்பும் பேசி ஒருவரைத் தேர்ந்தெடுங்கள். முடியாவிட்டால் 11-ஆம் பிரிவில் உயர்நீதிமன்றத்தைக் கேளுங்கள். உங்கள் ஒப்பந்தப் படிவத்தை இந்த வாரமே மாற்றுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் ஜெயிக்கும் தீர்ப்பும் இதே காரணத்தால் கவிழும்.

மாடக்குளத்தான் | 20 ஜூலை, காலை 11:15

33 மனுவை நேற்று நடுவருக்கும் கான்டிராக்டருக்கும் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். அரைப் பக்கம்தான்.

முதல் அமர்வுக் குறிப்பைப் படித்தேன். நான்காவது பத்தி: "நடுவர் நியமனத்தில் இரு தரப்பினருக்கும் ஆட்சேபணை இல்லை என்று தெரிவித்தனர்." கீழே அவர் கையெழுத்து. அதற்குக் கீழே என் கையெழுத்து. வருகைப் பதிவு என்று நினைத்துப் போட்டேன், அம்மா.

ரசமட்டம் | 20 ஜூலை, காலை 11:40

போச்சு.

உறையூர் வழக்குரைஞர் | 20 ஜூலை, மாலை 4:30

முழுவதும் போய்விடவில்லை. பாதி போயிற்று. தகராறு வந்த பிறகு, எழுத்தில், அவரே கையொப்பமிட்டது. மூன்றும் பொருந்துகின்றன. 12(5) என்ற உரிமையே தெரியாமல் போட்ட கையெழுத்து வெளிப்படையான ஒப்புதல் ஆகுமா, அமர்வுக் குறிப்பு ஒப்பந்தம் ஆகுமா என்று வாதிட இடமிருக்கிறது. ஆனால் என் கட்சிக்காரராக இருந்தால் இதை முதல் காரணமாக வைக்க மாட்டேன்.

சுற்றுச்சுவருக்கு வாருங்கள். அது ஒப்பந்தத்தில் இருக்கிறதா?

மாடக்குளத்தான் | 20 ஜூலை, இரவு 7:50

இல்லை, அம்மா. அந்தச் சுவரைக் கட்டியது கான்டிராக்டரின் மைத்துனர். தனியாகப் பேசி, தனியாகப் பணம் கொடுத்தேன். துண்டுச் சீட்டில் ரசீது இருக்கிறது. கான்டிராக்டரின் கோரிக்கை மனுவை இப்போது வரிவரியாகப் பார்த்துவிட்டேன், சுவர் என்ற சொல்லே அதில் இல்லை. ஏழாவது அமர்வில் வாய்ப்பேச்சாகத்தான் கிளப்பினார். தனி ஏற்பாடு என்று நான் அப்போதே சொன்னேன். அந்த அமர்வுக் குறிப்பில் ஒரு வரி இருக்கிறது: "சுற்றுச்சுவர் தனி ஏற்பாடு என்று எதிர்த்தரப்பினர் கூறுகிறார்." அங்கே எதிர்த்தரப்பினர் என்பது நான்தான்.

உறையூர் வழக்குரைஞர் | 21 ஜூலை, காலை 6:40

இந்த ஒரு வரி உங்கள் கூரையை விடப் பெரியது, ஐயா. நடுவர் தம்மிடம் ஒப்படைக்கப்படாத ஒன்றுக்குத் தீர்ப்புச் சொல்லியிருக்கிறார். 34(2)(அ)-வில் நேரடியாக உள்ள காரணம் இது. சாட்சியத்தை எடைபோட வேண்டியதில்லை. ஒப்பந்தத்தையும் கோரிக்கை மனுவையும் தீர்ப்பையும் அருகருகே வைத்தால் போதும். நீங்கள் ஆட்சேபித்ததும் பதிவில் இருக்கிறது. அந்தப் பகுதியை மட்டும் பிரித்தெடுத்து ரத்து செய்யலாம் என்றும் அதே உட்பிரிவு சொல்கிறது.

எதிர்க்கோரிக்கை விஷயத்தில் ஒரு கேள்வி. கசிவுக்கு ஏதாவது நிபுணர் அறிக்கை கொடுத்தீர்களா? அதைப் பற்றித் தீர்ப்பில் என்ன இருக்கிறது?

மாடக்குளத்தான் | 21 ஜூலை, இரவு 9:05

தனியார் சோதனைக்கூடத்தின் ஏழு பக்க அறிக்கை கொடுத்தேன். என் தரப்பு ஆவணம் 11. தீர்ப்பின் இணைப்புப் பட்டியலில் அதன் பெயர் இருக்கிறது. தீர்ப்புக்குள் ஓர் இடத்திலும் இல்லை. மூன்று முறை தேடினேன்.

உறையூர் வழக்குரைஞர் | 22 ஜூலை, காலை 7:00

அறிக்கையைப் படித்து, இந்தக் காரணத்தால் ஏற்கவில்லை என்று அவர் எழுதியிருந்தால், காரணம் எவ்வளவு சொத்தையாக இருந்தாலும் கதை முடிந்தது. ஆவணமாகக் குறித்துக்கொண்டு, அதைத் தொடாமலே "நிரூபிக்கப்படவில்லை" என்றால் இரண்டு வாதம் வைக்கலாம். தீர்ப்பு காரணத்தோடு இருக்க வேண்டும் என்ற 31(3) மீறல் ஒன்று. முக்கியமான சாட்சியத்தை அறவே புறக்கணித்தது இரண்டு.

இங்கே ஒரு கட்டட வழக்கைச் சொல்ல வேண்டும். டெல்லி திரிலோக்புரியில் 168 நடுத்தர வருவாய் வீடுகளும் 56 குறைந்த வருவாய் வீடுகளும் கட்ட ஒப்பந்தம். தொகை 87,66,678 ரூபாய். ஒன்பது மாத வேலை 34 மாதம் இழுத்தது. தாமதத்துக்கு டெல்லி வளர்ச்சி ஆணையம் பொறுப்பு என்று நடுவர் ஒப்பந்தக்காரருக்குப் பணம் கொடுத்தார். உயர்நீதிமன்ற அமர்வு சில இனங்களில் கைவைத்தது. உச்சநீதிமன்றம் 2014 நவம்பரில் அந்த அமர்வின் தீர்ப்பை நீக்கிவிட்டது. உண்மை நிலவரத்துக்கு நடுவரே முதலும் கடைசியும், சாட்சியம் கொஞ்சமாக இருந்தது என்பதற்காகத் தீர்ப்பு செல்லாமல் போகாது என்று எழுதியது. அசோசியேட் பில்டர்ஸ் வழக்கு என்பார்கள். உங்கள் எதிர்த்தரப்பு வக்கீல் முதல் பக்கத்திலேயே இதைத்தான் வைப்பார். ஆனால் முக்கியச் சாட்சியத்தை அறவே பார்க்காமல் விட்டால் அது விபரீதமான முடிவு என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. நீங்கள் அந்த வரியைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன், பிறகு என் மேல் வருத்தப்படாதீர்கள். நீங்கள் ஜெயித்தாலும் அந்த 5,20,000 நீதிமன்றத்தில் கிடைக்காது. எதிர்க்கோரிக்கையைத் தள்ளிய பகுதி ரத்தாகும், அவ்வளவுதான். பணம் வேண்டுமானால் மறுபடி ஒரு நடுவர் முன் போக வேண்டும். இடையில் கழிந்த காலத்தைக் கெடுவிலிருந்து கழித்துக்கொள்ள 43(4) உதவும்.

பழைய சிரஸ்தார் | 22 ஜூலை, காலை 9:30

திருத்தும் அதிகாரம் மறுபடி வந்துவிட்டது என்று பத்திரிகையில் படித்தேனே?

உறையூர் வழக்குரைஞர் | 22 ஜூலை, பகல் 2:15

ஓரளவு வந்திருக்கிறது, ஐயா. நிலம் எடுத்ததற்கான இழப்பீடு பற்றித் தமிழ்நாட்டிலிருந்து போன ஹக்கீம் வழக்கில், 34-இல் திருத்த அதிகாரமே இல்லை என்று 2021-இல் சொன்னார்கள். இந்த ஆண்டு ஏப்ரல் 30 அன்று காயத்ரி பாலசாமி வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு, நால்வருக்கு ஒருவர் என்ற கணக்கில், குறுகிய அதிகாரம் உண்டு என்றது. செல்லாத பகுதியைப் பிரிக்கலாம், பார்த்தவுடன் தெரியும் கணக்குப் பிழையைத் திருத்தலாம், தீர்ப்புக்குப் பிந்தைய வட்டியைச் சில நிலைகளில் மாற்றலாம். வழக்கின் உள்ளடக்கத்தில் நுழைந்து தொகையைக் கூட்டிக் குறைக்க அல்ல.

கொத்தனார் மகன் | 22 ஜூலை, இரவு 9:45

அண்ணா, முதல் நாள் நான் எழுதியது கொஞ்சம் காரமாகிவிட்டது. சுவர் விஷயம் அநியாயம். ஆனால் பணத்தைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். எனக்குச் சாதகமாக ஒரு தீர்ப்பு வந்தது. வீட்டுக்காரர் 34 போட்டுவிட்டேன் என்று நிம்மதியாக இருந்தார். தடையாணை கேட்கவில்லை. நான் நிறைவேற்று மனுப் போட்டு அவர் வங்கிக் கணக்கை முடக்கியதும் ஓடிவந்தார்.

உறையூர் வழக்குரைஞர் | 23 ஜூலை, காலை 6:55

தம்பி சொல்வது முழு உண்மை. 2015-க்கு முன்னால் 34 மனு நிலுவையில் இருந்தாலே நிறைவேற்றம் தானாக நிற்கும். இப்போது 36-ஆம் பிரிவில் தனியாகத் தடையாணை கேட்க வேண்டும், பெரும்பாலும் பணம் கட்டச் சொல்வார்கள். பாதியா முழுவதுமா என்பது நீதிமன்றத்தைப் பொறுத்தது. 6,59,000-க்கு 12 சதவீதம் என்றால் மாதம் 6,590 ரூபாய் வட்டி ஓடுகிறது. அதையும் மனத்தில் வைத்துக்கொண்டு எதை எதிர்ப்பது என்று முடிவு செய்யுங்கள். நிலுவை 3,12,000, கூடுதல் வேலை 2,01,000 இரண்டையும் எதிர்த்தால் சாட்சியத்துக்குள் போக வேண்டியிருக்கும். நாற்பது காரணம் எழுதிய மனுவைப் பார்க்கும் நீதிபதிக்கு, இது வேடம் மாற்றி வந்த மேல்முறையீடு என்று இரண்டாம் பக்கத்திலேயே தெரிந்துவிடும்.

மதுரை என்பதால் மாவட்ட அளவில்தான் தாக்கல். சென்னை நகருக்குள் என்றால் உயர்நீதிமன்ற அசல் பிரிவுக்குப் போகும் நிலை வரலாம். உங்கள் ஒப்பந்தம் வணிகத் தகராறு என்ற வகைக்குள் வருமா என்பதை உள்ளூர் வக்கீலிடம் முதலில் தீர்த்துக்கொள்ளுங்கள். எந்த நீதிமன்றம், அடுத்த கட்டமான 37-ஆம் பிரிவு மேல்முறையீட்டுக்கு எத்தனை நாள் என்பதெல்லாம் அதைப் பொறுத்தது.

இன்னொன்று. அந்தக் கூரையைச் செப்பனிடுங்கள்.

மாடக்குளத்தான் | 23 ஜூலை, இரவு 8:10

அம்மா, கூரையைத் தொட்டால் ஆதாரம் போய்விடாதா?

உறையூர் வழக்குரைஞர் | 23 ஜூலை, இரவு 8:40

இந்த வழக்குக்கு ஆதாரம் உங்கள் ஆவணம் 11. அது ஏற்கெனவே கட்டுக்குள் இருக்கிறது. ஈரத்தைப் புதிதாகக் கொண்டுபோய்க் காட்ட இடம் இல்லை.

ரசமட்டம் | 23 ஜூலை, இரவு 9:00

மறுபடி நடுவர் விசாரணை வந்தால் தேவைப்படும், ஆகையால் சும்மா உடைக்க வேண்டாம். ஒரு தேதி குறித்துக் கான்டிராக்டருக்கு அறிவிப்பு அனுப்புங்கள், வெளி எஞ்சினியர் ஒருவரை நிறுத்தி அளந்து கையெழுத்து வாங்குங்கள், பிறகு தட்டோட்டைப் பெயர்க்கலாம். தட்டோட்டுக்கு அடியில் இருக்கும் சுண்ணாம்புத் தளத்தின் கனத்தை மழைநீர்க் குழாய் வாயருகே மட்டும் அளந்து ஏமாற வேண்டாம். அங்கே இயல்பாகவே மெலிந்திருக்கும். குழாயிலிருந்து தள்ளி இருக்கும் முனையிலும் அளக்க வேண்டும்.

கூடற்பறவை | 2 நவம்பர் 2025, காலை 10:30

மழை தொடங்கிவிட்டது. இந்த இழை நினைவுக்கு வந்தது. என்ன ஆயிற்று, ஐயா?

மாடக்குளத்தான் | 4 நவம்பர், இரவு 9:20

விசாரித்ததற்கு நன்றி. ஆகஸ்ட் 11 அன்று நடுவர் கூட்டலைத் திருத்தி 6,59,000 என்று உத்தரவு அனுப்பினார். அதைக் காட்டிக் கெடுவை நீட்டிக்க வேண்டாம் என்று அம்மா சொன்னபடி, செப்டம்பர் 15 அன்றே 34 மனுவைத் தாக்கல் செய்துவிட்டோம். உள்ளூர் வக்கீல் முதலில் இருபத்திரண்டு காரணம் எழுதியிருந்தார். மூன்று போதும் என்று சொல்லி வெட்டவைப்பதற்குள் எனக்குத் தொண்டை வறண்டது. சுவர், ஆவணம் 11, மூன்றாவதாக நியமனம். லாஃப்டையும் தொட்டியையும் எதிர்க்கவில்லை. என் மனைவிக்கு அதில் நிம்மதி.

தடையாணைக்கு நான்கு வாரத்துக்குள் பாதித் தொகை, 3,29,500 கட்டச் சொன்னார்கள். நகை அடகு வைத்துக் கட்டினோம். எதிர்த்தரப்பு பதில் மனுவுக்கு அவகாசம் வாங்கியிருக்கிறது. கொத்தனார் தம்பி சொன்னபடி அசோசியேட் பில்டர்ஸ் முதல் பக்கத்திலேயே இருக்கும் என்று காத்திருக்கிறேன்.

கொத்தனார் மகன் | 4 நவம்பர், இரவு 9:41

அதைச் சொன்னது நான் இல்லை, அண்ணா, வக்கீலம்மா. நான் நாலு எழுத்து படித்திருந்தால் ஏன் சென்ட்ரிங் பலகை தூக்குகிறேன். கூரை என்ன ஆயிற்று?

மாடக்குளத்தான் | 4 நவம்பர், இரவு 10:05

அக்டோபர் முதல் வாரத்தில் பிரித்தோம். அறிவிப்பு அனுப்பியும் கான்டிராக்டர் வரவில்லை. வெளி எஞ்சினியர் வந்தார். ஒப்பந்தத்தில் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் சராசரி மூன்று அங்குலம் என்று போட்டிருக்கிறது. தட்டோட்டைப் பெயர்த்து டேப்பை வைத்தால் ஒரு முனையில் ஒன்றேகால், இன்னொரு முனையில் ஒன்றரை. அதைக்கூட மன்னித்துவிடலாம். மேஸ்திரி ஒரு ரசமட்டக் குழாயில் தண்ணீர் பிடித்து இரு முனையிலும் நிறுத்திக் காட்டினார். மழைநீர்க் குழாய் இருப்பது கிழக்கே. தளம் சரிந்திருப்பது மேற்கே, நேராக எங்கள் கட்டிலுக்கு மேலே.

எஞ்சினியர் அளவெழுதி, நாங்கள் நால்வரும் கையெழுத்துப் போட்டோம். இந்த முறை படித்துப் பார்த்துவிட்டுத்தான் போட்டேன். புதுத் தளம் நான்கு நாளில் முடிந்தது. அண்டாவை என் மனைவி கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டாள். இன்று மாலை ஒரு மணி நேரம் நல்ல மழை. இரண்டு முறை அறைக்குள் போய் மேலே பார்த்துவிட்டு வந்தேன்.